‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று வளர்ந்த பிள்ளை பரீட்சையில் தோற்றால்

போன தை மாதம் எங்கள் ஊர்க் கோவிலில் காவடிக்குக் கொடியேறிய மறுநாள், பள்ளியில் என்னிடம் தமிழ் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது ரெதுயியில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. விரதம் தொடங்கிவிட்டதால் ஒரு கோப்பைத் தேநீர் மட்டும் போதும் என்றான். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தான். முருகன் துதி ஒன்று, முழுவதும் ரோமன் எழுத்தில். மொரிஷியஸில் இது புதிதில்லை. வீட்டில் கிரியோல், வகுப்பில் ஆங்கிலமும் பிரெஞ்சும், சாமியிடம் மட்டும் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள் இப்படித்தான் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். தாளின் மடிப்புகள் வியர்வையில் நைந்து மை ஊறிப்போயிருந்தது. ஏழெட்டுச் சொற்களின் கீழே பென்சில் கோடு.

“இந்த இடத்தில் எந்த ‘ல’, மிஸ்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாவது சொல்லில் நிறுத்திவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டான்: “தப்பாகச் சொன்னால் பலிக்காதா, மிஸ்?”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பரீட்சையில் இரண்டு பாடங்களில் தோற்றிருக்கிறான். முந்தைய வருஷக் காவடி விரதத்தின் நடுவே நண்பர்களோடு வெளியே கோழி சாப்பிட்டது அம்மாவுக்குத் தெரியும். “அதற்குத்தான் சாமி காட்டிவிட்டார்” என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். இவனுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. விரதத்தில் செய்த தப்பு, உச்சரிப்பில் செய்கிற தப்பு, பரீட்சைத் தாளில் செய்த தப்பு மூன்றும் அவன் மனத்தில் ஒரே கணக்கில் ஏறிவிட்டன.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். கஷ்டம் வரும்போது பிள்ளைகள் சாமியிடம் போகிறார்கள். சிலர் தெம்போடு திரும்புகிறார்கள், சிலர் போனதைவிடக் கனத்த மனத்தோடு திரும்புகிறார்கள். அதே கோவில், அதே விரதம், அதே பாட்டு. வித்தியாசம் எங்கே? ‘ஆன்மிகச் சமாளிப்பு’ என்று உளவியலில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் அடிப்படையை, இந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப்பார்க்கிறேன்.

சமாளிப்பு என்பது என்ன

முதலில் ‘சமாளித்தல்’ என்ற சாதாரணச் சொல்லை எடுத்துக்கொள்வோம். 1984-இல் ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மனஅழுத்தத்தைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இன்றுவரை பாடத்தில் அதுதான் அஸ்திவாரம். நடந்த சம்பவம் மட்டும் நம்மை வாட்டுவதில்லை, அதை நாம் எப்படி எடைபோடுகிறோம் என்பதும் சேர்ந்துதான் வாட்டுகிறது என்றார்கள். மனம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இதனால் எனக்கு என்ன ஆகப்போகிறது? இதற்கு என்னால் என்ன செய்ய முடியும்? இந்த இரண்டுக்கும் கிடைக்கிற பதிலைப் பொறுத்து, பிரச்சினையை நேரடியாகப் பிடித்துத் தீர்க்கப் பார்ப்போம், இல்லையென்றால் அது கிளப்பிவிட்ட கலக்கத்தை அடக்கப் பார்ப்போம். பெரும்பாலும் இரண்டையும் கலந்துதான் செய்வோம்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடும்போது தனக்குப் புனிதமானது எதுவோ அதைத் துணைக்கு அழைத்தால், அது ஆன்மிகச் சமாளிப்பு. சாமி கும்பிடுவதும் நேர்த்திக்கடனும் மட்டும் இதில் சேராது. கோவில் பக்கமே போகாமல், சனிக்கிழமை விடியற்காலையில் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து, ‘நான் எதற்காகப் படிக்கிறேன்’ என்று தன்னையே கேட்டுக்கொள்கிற மாணவியும் இதைத்தான் செய்கிறாள். செத்துப்போன தாத்தாவின் படத்தின்முன் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பரீட்சைக்குக் கிளம்புகிறவனும் அப்படியே.

இந்த ஆராய்ச்சியை முறையாக வளர்த்தவர் கென்னத் பார்கமென்ட். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துப் பேராசிரியர். ‘நீ பக்தி உள்ளவனா’ என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. கஷ்டம் வந்த நேரத்தில் அந்தப் பக்தியை வைத்து என்ன செய்தாய் என்று கேட்டார். அவரும் சக ஆய்வாளர்களும் 1998-இல் பதினான்கு வாக்கியங்கள் கொண்ட ஒரு சின்ன அளவுகோலைத் தந்தார்கள். ஏழு வாக்கியங்கள் ஒரு பக்கம்: கடவுளோடு இன்னும் நெருங்கப் பார்த்தேன், கோபத்தை விட்டுவிட அவர் உதவியைக் கேட்டேன், அவரோடு சேர்ந்து என் திட்டத்தைச் செயலாக்கப் பார்த்தேன் என்ற வகை. இன்னொரு ஏழு எதிர்ப்பக்கம்: கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று நினைத்தேன், என் பக்தி போதாததால் தண்டிக்கிறார் என்று உணர்ந்தேன் என்ற வகை. முதல் வகையை நேர்வகை என்றும், இரண்டாவதை எதிர்வகை அல்லது ஆன்மிகப் போராட்டம் என்றும் சொல்கிறார்கள்.

2005-இல் ஜீன் ஆனோ, எரின் வாஸ்கன்செல்லஸ் என்ற இருவர் அதுவரை வந்திருந்த 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நேர்வகை உள்ள இடத்தில் மனநிலை சற்று நன்றாக இருந்தது. எதிர்வகை உள்ள இடத்தில் பதற்றமும் சோர்வும் கூடுதலாக இருந்தன. அதாவது சாமி கும்பிடுகிற இரண்டு பேரில் ஒருவருக்கு அது ஊன்றுகோலாகவும் இன்னொருவருக்கு முதுகில் ஏறிய மூட்டையாகவும் இருக்கலாம். என்னிடம் வந்த பையன் இரண்டாவது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த அளவுகோல் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் வாழும் நாட்டில் உருவானது. நம் வீடுகளில் கர்மவினை உண்டு, நேர்த்தி உண்டு, கிரகம் உண்டு, குலதெய்வம் உண்டு. நளினி தாரகேஸ்வர் என்ற ஆய்வாளர், பார்கமென்ட்டோடும் ஆனெட் மஹோனியோடும் சேர்ந்து 2003-இல் அமெரிக்க இந்துக்களிடையே தனியாக ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் மூன்று கூறுகள் தெரியவந்தன. கடவுளை நோக்கிய சமாளிப்பு ஒன்று. தன் ஆன்மிக வளர்ச்சியை நோக்கியது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மதம் சார்ந்த குற்ற உணர்வு, கோபம், கைகட்டி உட்கார்ந்துவிடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே கொத்து. ‘என் தப்புதான்’ என்று குமைவதும், ‘எனக்கு மட்டும் ஏன்’ என்று கொதிப்பதும், ‘விதிப்படி நடக்கட்டும்’ என்று விட்டுவிடுவதும் வேறுவேறு குணங்கள் மாதிரித்தான் வெளியே தெரியும். ஆனால் அவை ஒன்றாகவே வருகின்றன. வகுப்பறையில் இருபது வருஷம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்ததும் அதுதான்.

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

மனத்தின் பங்கு என்ன என்று பார்க்கும்போது முதலில் வருவது, கடிவாளம் யார் கையில் என்ற கேள்வி. பார்கமென்ட் குழுவினர் 1988-இல் மூன்று விதங்களைச் சொன்னார்கள். எல்லாம் என் பொறுப்பு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது ஒன்று. எல்லாம் உன் பொறுப்பு, நீயே பார்த்துக்கொள் என்பது மற்றொன்று. நீயும் நானும் சேர்ந்து பார்ப்போம் என்பது மூன்றாவது.

நம் வைணவப் பெரியவர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு அழகான உவமை வைத்துப் பேசியிருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தாய் தாவும், ஆனால் குட்டியும் கையை விடக்கூடாது. பூனைக் குட்டி ஒன்றும் செய்யாது. தாயே கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். எது சரணாகதி என்பதில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் நடந்த விவாதம் அது. உளவியல்காரர்கள் சேர்ந்து செய்வது என்று சொல்வது குரங்குக் குட்டிக்குப் பக்கத்தில் வருகிறது, ஒப்படைப்பது பூனைக் குட்டிக்குப் பக்கத்தில்.

ஆய்வுகளில் சேர்ந்து செய்கிற வகைதான் பொதுவாகத் தன்னம்பிக்கையோடு கைகோத்து வருகிறது. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு உட்காருகிறவர்களுக்குத் தன்னால் முடியும் என்ற எண்ணம் குறைவாக இருப்பதைக் காண்கிறார்கள். ஆனால் இதை வைத்துப் பூனைக் குட்டியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குத் தீராத நோய் என்று தெரிந்த மாணவிக்கு, தன் கையில் இல்லாததை ஒப்படைப்பதுதான் மூச்சுவிட வழி. பரீட்சை அப்படியல்ல. விரிவுரையாளரைப் போய்ப் பார்க்கலாம், பழைய வினாத்தாள்களை எடுத்துப் பழகலாம், பாடத்தைத் திருப்பி எழுதலாம். கை வைக்க இடமிருக்கிற காரியத்தில் கையை எடுத்துவிட்டால் ஒப்படைப்பு என்ற பெயரில் பயம்தான் வேலை செய்கிறது.

‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்தைப் பற்றி ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியது இந்த இடத்தில் பொருந்தும். அந்த எண்ணம் வெறும் ஊக்கப் பேச்சால் பெரிதாக வளராது. சின்னதாக ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் அதை வளர்க்கும். தன்மேல் நம்பிக்கை உள்ள பிள்ளை கோவிலில் ‘எனக்குத் தெம்பு கொடு’ என்று கேட்கும். நம்பிக்கை போன பிள்ளை ‘எப்படியாவது காப்பாற்று’ என்று கேட்கும். இரண்டும் பிரார்த்தனைதான். முதலாவது முடிந்ததும் புத்தகம் திறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மனச்சோர்வு நோயில் இருக்கிற ஒருவருக்கு உலகமே தன்னைக் கைவிட்ட மாதிரித் தோன்றும். அப்போது சாமியும் கைவிட்டதாகத்தான் தோன்றும். சாமி கைவிட்டார் என்ற எண்ணத்தால் சோர்வு வந்ததா, சோர்வால் அந்த எண்ணம் வந்ததா? பெரும்பாலான ஆய்வுகள் இரண்டும் சேர்ந்திருப்பதை மட்டும்தான் காட்டுகின்றன. எது முதலில் என்று சொல்ல ஆட்களைக் காலப்போக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆகவே ஒரு பிள்ளை ‘முருகன் என்னை மறந்துட்டாரு’ என்று சொன்னால், உடனே பக்தியைப் பற்றி உபதேசம் செய்யாதீர்கள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்ற பேச்சு வருகிறது என்றால், உடனே மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போக வேண்டும். கோவிலுக்கும் போகட்டும், ஒன்றுக்கு ஒன்று தடையில்லை. இங்கே மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்கிற வழக்கம் இருக்கிறதே, அதை நாம் விட்டாக வேண்டும். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை உதவி கேட்க வாய் திறக்காது.

வீடு எதைக் கொடுத்தனுப்புகிறது

மொரிஷியஸில் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்தே போய்வருகிறார்கள். தீவு சின்னது. ரோஸ் ஹில்லிலிருந்தோ கத்ர் போர்னிலிருந்தோ பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போய்விட்டுச் சாயங்காலம் அதே சாப்பாட்டு மேசைக்குத் திரும்புகிறார்கள். பதினெட்டு வயதுக்குப் பிறகு பிள்ளை தன் நம்பிக்கைகளைத் தானே சோதித்துப் பார்க்கும் காலம் இது என்று ஜெஃப்ரி ஆர்னெட் 2000-இல் எழுதினார். இங்கே அந்தச் சோதனை அம்மாவின் கண்முன்னாலேயே நடக்கிறது. அதோடு பள்ளிப் படிப்பின் கடைசித் தேர்வான எச்.எஸ்.சி. முடிவுகளில் முதலிடம் பிடித்து அரசு உதவித்தொகை வாங்குகிற லோரேயாக்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நாடே கொண்டாடுகிறது. அந்தக் கொண்டாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறது.

இந்த வீட்டிலிருந்து பிள்ளைக்கு என்ன போய்ச்சேருகிறது?

சின்ன வயதில் நாம் எல்லோரும் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: ‘சாமி கண்ணைக் குத்தும்.’ கிரியோலில் அதே மிரட்டல்தான், ‘போன்ஜே பூ பினி த்வா’, சாமி உன்னைத் தண்டிப்பார். சோறு ஊட்டும்போது சொல்வோம், பொய் சொன்னால் சொல்வோம், தம்பியை அடித்தால் சொல்வோம். கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை. கிளைட் நன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1964-இலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். பிள்ளையை அடக்கக் கடவுளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வது என்று அதை விவரித்தார். தங்கள் சொல் எடுபடாது என்று உணர்கிற பெற்றோர்தான் அதிகமாக இதை நாடுகிறார்கள் என்றும், அப்படி வளர்கிற பிள்ளைகளிடம் தன்னையே குற்றம் சொல்கிற போக்கு கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் கண்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் தாள்தான் ஞாபகம் வந்தது. அவன் அம்மா இரண்டு வேலை பார்க்கிறவர். கணவர் இறந்து ஒன்பது வருஷம். வளர்ந்த பையனை அடக்க அவரிடம் வேறு யார் இருக்கிறார்கள்? சாமியைத்தான் கூப்பிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் கூப்பிட்ட சாமி காவல்காரராக வந்தார். பிள்ளைக்குக் கஷ்டம் வந்த நேரத்தில், போய் அழக்கூடிய ஒரே இடத்தில் காவல்காரர் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது வழி, பாசத்தின் வழி. ஜான் பௌல்பியும் மேரி ஐன்ஸ்வொர்த்தும் குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிச் சொன்னதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயம் வந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்த குழந்தை தைரியமாக விளையாடப் போகும். லீ கர்க்பாட்ரிக் என்பவர் இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனார். பலருக்கும் கடவுளே அப்படி ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற ஒருவர் என்றார். ஸ்வீடனைச் சேர்ந்த பேர் கிரான்க்விஸ்ட்டும் இந்த வழியில் தொடர்ந்து ஆராய்ந்தார். இரண்டு விதமாக இது நடக்கலாம் என்கிறார்கள். அம்மா அப்பாவிடம் நம்பிக்கை இருந்த பிள்ளைக்குச் சாமியிடமும் அதே நம்பிக்கை இயல்பாகப் படியும். வீட்டில் அது கிடைக்காத பிள்ளை, அந்தக் குறையை நிரப்பச் சாமியைத் தேடிப் போகும். அப்பா குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற வீட்டிலிருந்து தினமும் கோவிலில் வந்து உட்கார்கிற பிள்ளையை நாம் ‘எவ்வளவு பக்தி’ என்று மெச்சுகிறோம். பக்தி உண்மைதான். அதோடு, வீட்டுக்குப் போகப் பயமும் இருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள்.

மூன்றாவது, கண்ணால் பார்ப்பது. ஜோசப் ஹென்ரிக் 2009-இல் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: பெரியவர்கள் சொல்வதைவிட, அந்த நம்பிக்கைக்காகத் தங்கள் உடலையும் காசையும் நேரத்தையும் கொடுத்து என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை நம்புகிறது. காவடி எடுக்கும் நாட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பத்து நாள் விரதமிருந்து, தரையில் படுத்து, கன்னத்தில் வேல் குத்தி, கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நடக்கிற மாமாவைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு முருகன் பொய்யல்ல. ஆனால் அதே பிள்ளை இன்னொன்றையும் பார்க்கிறது. அதே மாமாவுக்கு வேலை போனபோது என்ன செய்தார்? இரண்டு நாள் படுத்துக்கிடந்துவிட்டு மூன்றாம் நாள் எழுந்து வேலை தேடிப் போனாரா, இல்லை வீட்டில் உள்ளவர்கள்மேல் எரிந்து விழுந்தாரா? பிள்ளை பரீட்சையில் தோற்ற நாளில் கைகொடுப்பது அந்தப் பாடம்தான்.

என் அப்பா எனக்குக் கொடுத்ததைச் சொல்கிறேன். அவர் பஸ் கண்டக்டர். நான் முதல் வருஷத்தில் ஒரு பாடத்தில் தோற்றபோது மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் விடியற்காலை எழுப்பி, கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படி ஏறும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அர்ச்சனை முடிந்து இறங்கும்போது, பாதிவழியில் ஒரு படியில் உட்கார்ந்தார். உடைத்த தேங்காய் மூடி ஒன்றைப் பேனாக்கத்தியால் கீறி, ஒரு துண்டு எனக்கு, ஒரு துண்டு தனக்கு என்று எடுத்தார். கீழே கத்ர் போர்ன் இன்னும் முழுசாக விழிக்கவில்லை. “எந்தப் பாடத்தில் போச்சு?” என்று கிரியோலில் கேட்டார். சொன்னேன். தேங்காயை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “நாளைக்கு அந்த வாத்தியாரைப் போய்ப் பார். வேணும்னா நான் வாசல்வரைக்கும் வர்றேன்” என்றார். அவ்வளவுதான். ஏன் தோற்றாய் என்று கேட்கவில்லை, சாமி காட்டிவிட்டார் என்றும் சொல்லவில்லை. அவருக்குப் பார்கமென்ட் யாரென்றே தெரியாது. ஆனால் சாமியும் நீயும் சேர்ந்து பார்ப்பது எப்படி என்பதை ஒரு தேங்காய்த் துண்டோடு எனக்குக் கொடுத்துவிட்டார்.

இங்கே வீடுகளில் நம்பிக்கையும் ஒரே நிறமாக இருப்பதில்லை. ஒரே குடும்பத்தில் சித்தப்பா கத்தோலிக்கராக இருப்பார், அத்தை காவடி எடுப்பார். செப்டம்பர் 9-ஆம் தேதி நெருங்கும்போது சென்ட் குருவாவில் இருக்கும் பேர் லவால் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் கல்லறைக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நெற்றியில் விபூதியோடு மெழுகுவத்தி ஏற்றுகிற தமிழ் அம்மாக்களும் இருப்பார்கள். இது குழப்பம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கதவு அடைத்த மாதிரி இருக்கும்போது இன்னொரு கதவைத் தட்டலாம் என்று தெரிந்த பிள்ளைக்கு அது பலம். இரு தரப்பு உறவினர்களும் பிள்ளையைத் தங்கள் பக்கம் இழுக்கும்போதுதான் சிக்கல். அப்போது பிரார்த்தனையே கட்சி சேர்வதாக ஆகிவிடும்.

கோபப்படலாமா

சாமியிடம் கோபம் வந்தால் பாவமா என்று மாணவர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஜூலி எக்ஸ்லைனும் அவருடைய குழுவினரும் 2014-இல் ஆன்மிகப் போராட்டங்களை ஆறு வகையாகப் பிரித்தார்கள். கடவுளோடு வரும் பிணக்கு, தீய சக்தி பற்றிய பயம், மதத்து மனிதர்களோடு வரும் மனக்கசப்பு, நல்லது கெட்டது பற்றிய உறுத்தல், நம்பிக்கையில் சந்தேகம், வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற தவிப்பு. இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. ‘எனக்குச் சாமியே பிடிக்கவில்லை’ என்று சொல்கிற பெண்ணிடம் விசாரித்தால், அவளுக்குக் கசப்பு சாமிமேல் இல்லை, கோவில் கூட்டத்தில் எல்லார்முன்னாலும் அவள் உடையைப் பற்றிப் பேசிய ஒருவர்மேல் என்று தெரியவரும்.

போராட்டம் வருவது நோயல்ல. பலருக்கு அது வந்து கடந்து போகும், போகும்போது நம்பிக்கையை ஆழப்படுத்திவிட்டும் போகலாம். ஆபத்து, அது யாரிடமும் சொல்லப்படாமல் உள்ளேயே தங்கிவிடும்போது. மருத்துவமனையில் சேர்ந்த, 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளைப் பார்கமென்ட் குழுவினர் இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடவுள் தங்களைக் கைவிட்டார் என்று நினைத்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. அவர்கள் முதியவர்கள், நோயாளிகள். மாணவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இது ஏதோ மனசுக்குள் நடக்கிற சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு அது போதும்.

கோபத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சுந்தரர் கதையைச் சொல்வேன். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. நம் கதைகளில் சாமி நிஜமாகவே கண்ணைக் குத்திய இடம் என்றால் அதுதான். அவர் என்ன செய்தார்? சுருண்டு படுக்கவில்லை. வழிநெடுகச் சிவனோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தார். கேட்டார், ஏசினார், முறையிட்டார், பாடினார். காஞ்சியில் ஒரு கண் வந்தது. அத்தோடு விட்டாரா, திருவாரூர்வரை போய் இன்னொன்றையும் வாங்கினார். அவருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். தோழரிடம்தானே அப்படிச் சண்டை போட முடியும்? தப்பு செய்தது அவர்தான், தண்டனையும் கிடைத்தது, ஆனால் பேச்சுவார்த்தை நிற்கவில்லை. எதிர்வகை என்று அளவுகோல் சொல்கிற கேள்விகளைக்கூட உறவு முறியாமல் கேட்க முடியும் என்பதை இதைவிட நன்றாக யாரும் எனக்குக் காட்டவில்லை.

எதிர்த்திசையில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ஜான் வெல்வுட் என்ற உளவியலாளர் 1980-களில் அதைச் சுட்டிக்காட்டினார். ஆற வேண்டிய காயத்தைத் தொடாமல், அதன்மேல் ஆன்மிகத்தைப் பூசி மறைத்துவிடுவது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பிள்ளை ராத்திரி நகத்தைக் கடித்துக்கொண்டு விழித்திருக்கும். நாமும் துக்கத்தில் இருப்பவரிடம் முதல் வார்த்தையாகவே ‘எல்லாம் அவன் செயல்’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையாகவே இருக்கட்டும். அதைக் கடைசி வார்த்தையாகச் சொல்லலாம், அதுவும் அவர்களாகச் சொன்னால் நல்லது.

சரி, ஒரு பெற்றோராகவோ ஆசிரியராகவோ என்ன செய்வது? நான் என்னிடம் வருகிறவர்களிடம் இப்போது ஒன்றுதான் கேட்கிறேன்: கும்பிட்டு முடித்ததும் உனக்கு எப்படி இருக்கிறது? லேசாக இருக்கிறது, கொஞ்சம் தூக்கம் வருகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்று தோன்றுகிறது என்றால் நல்லது. இன்னும் பயமாக இருக்கிறது, இன்னொரு தடவை சரியாகச் செய்ய வேண்டும் போல் இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்குப் பிரார்த்தனையைக் கூட்டச் சொல்லிப் பயனில்லை. சாமி யாராக அவன் மனத்தில் உட்கார்ந்திருக்கிறார், யார் அப்படி உட்காரவைத்தார்கள் என்று அவனோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

அந்தச் சாயங்காலம் நான் இவ்வளவையும் அவனிடம் சொல்லவில்லை. தாளில் கோடு போட்ட சொற்களுக்கெல்லாம் அர்த்தம் சொன்னேன். அவனுக்கு அதுவரை ஒன்றுக்குக்கூட அர்த்தம் தெரியாது. ஒரு சொல்லுக்கு ‘பக்கத்தில் வந்து காப்பாற்று’ என்று பொருள் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான். “இதையா இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்?” என்றான். எந்த ‘ல’ என்று அப்புறம் கேட்கவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “கிரியோலில் பேசினால் முருகனுக்குப் புரியுமா, மிஸ்?” என்று கேட்டான். அறுபடை வீட்டுக்காரருக்கு ஏழாவதாக இந்தத் தீவையும் வீடாக்கிவைத்திருக்கிறோம், இங்கே பேசுகிற பாஷை புரியாமலா இருக்கும் என்றேன்.

காவடி முடிந்து ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தானாம், இரண்டு தாள்களையும் மறுபடி எழுத வழி இருக்கிறதாம். முருகனிடம் கிரியோலில் பேசிவிட்டானாம். அம்மாவிடம்தான் இன்னும் பேசவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அம்மாவும் நீயும் வீட்டில் இருங்கள் என்று பதில் போட்டேன்.